தீப்புண்ணுக்குப் பனிமலை
(மலாக்கா தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பிள்ளையின் காலில் முள் தைத்தால் தாய் என்ன செய்கிறாள்? "அதோ பார் காக்கா" என்கிறாள். பிள்ளை அண்ணாந்து பார்க்கும் நேரத்தில் முள்ளைப் பிடுங்கிவிடுகிறாள். இந்தக் காரியத்தை இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் இயந்திரம் கொண்டு செய்கிறார்கள்.

பாலை உறைய வைக்கும் ஆசிட் என் தகப்பனாரின் கையில் கொட்டியது. கொட்டிய வேதனை ஒரு நாள்தான்; கட்டைப் பிரித்து, செத்த தோலை எடுத்து, மறுகட்டுப் போடும் வேதனையோ தினந்தோறும். விடிந்ததிலிருந்து கஞ்சி குடிக்கமாட்டார். டிரெசரோ, "ஆம்பிளையா நீ? பொறுத்துக்கொள்" என்று அதட்டுவார்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ஹார்பர்வியூ ஆஸ்பத்திரியில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற இருவர் 1996-இல் இதற்கு வழி தேடத் தொடங்கினர். தீக்காயம் பட்டவரின் தலையில் ஒரு கவசம் மாட்டுவார்கள். உள்ளே கண்ணுக்கு நேரே பனி மூடிய பள்ளத்தாக்கு! தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். பனி மனிதர்கள்மேலும் பென்குவின் பறவைகள்மேலும் பனியுருண்டை எறியலாம். தாதி கட்டைப் பிரிப்பது கண்ணில் படாது. மெய்நிகர்க் காட்சி என்பது இதுதான்.

வலி பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யல்ல. ஆனால் வலியை உணர மனத்தின் கவனமும் வேண்டும். அது வேறிடத்தில் இருந்தால் வலிக்கு மிஞ்சுவது கொஞ்சமே. சூடு வைத்துச் சோதித்தவர்களின் மூளையைப் படமெடுத்தார்கள். காட்சியில் மூழ்கியிருந்தபோது வலியறியும் பகுதிகளின் வேலையே குறைந்திருந்ததை 2004-இல் வெளியிட்டார்கள்.

கண் வலியைத் தணிக்கும் என்பதை நம்மவர் ஒருவரும் காட்டினார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், 1990-களில் அமெரிக்காவில், கை இழந்தவர்முன் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காணச் செய்தார். இல்லாத கையில் இருந்த வலி சிலருக்குத் தணிந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சியாட்டிலில் வலி மருந்தைக் கொடுத்துவிட்டுத்தான் காட்சியைக் காட்டினார்கள். மருந்தை மிச்சம் பிடிக்கப் படம் காட்டுவது வேறு காரியம். அதற்கு நாம் தலையாட்டக்கூடாது. சிலருக்கு இந்தக் கவசம் தலைசுற்றலும் தரும்.

ஜாசினிலோ அலோர்காஜாவிலோ நாளை கட்டு மாற்றப் போகிறவர் தனியே போகவேண்டாம். வாய் ஓயாமல் பேசும் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். கட்டைப் பிரிக்குமுன் வலி மருந்து உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். என் தகப்பனார் கேட்கவில்லை. ஆனால் என் அத்தை ஒருநாள் கூடப் போய், காணாமற்போன ஆட்டுக்குட்டியின் கதையை எடுத்துவிட்டாள். அன்று வீடு திரும்பியதும் கஞ்சி கேட்டார்.