வீடும் நிற்க வேண்டும், குடியிருப்பவரும் நிற்க வேண்டும்!
(ஜோலார்பேட்டையில் குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பாரம்பரியம் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கோயில், கோட்டை, ராஜாவின் அரண்மனை. உழைப்பவன் குடியிருந்த தெருவுக்கு அந்தப் பெயரை யாரும் கொடுப்பதில்லை. ஏன் கொடுக்கக் கூடாது?

இந்த ஊரை வளர்த்தது ரயில். 1864-ம் வருஷம் இங்கிருந்து பெங்களூருக்குப் பாதை திறக்கப்பட்டது. பயர்மேனும், பாயிண்ட்ஸ்மேனும், கேங்மேனும் குடும்பத்தோடு வாழ்ந்ததால்தான் இந்த ஜங்ஷன் ஊராயிற்று. 1974 மே மாதம் ரயில்வே தொழிலாளர்கள் நாடெங்கும் 20 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது பல இடங்களில் பெண்டு பிள்ளைகளைக் குவார்ட்டர்ஸிலிருந்து தெருவில் தள்ளினார்கள். அப்படிப்பட்ட வீடுகளுக்குச் சரித்திரம் இல்லையா?

“ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே எத்தனை காலம் இருப்பது?” என்று ஒரு தாய் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒழுகலைக் காப்பாற்றச் சொல்லவில்லை. குழாயும், கக்கூசும், நல்ல கூரையும் வேண்டும். ஆனால் பழுது பார்ப்பது வேறு. ஆளைக் கிளப்பிவிட்டு நிலத்தை விற்பது வேறு.

புதுச்சேரி வைசியாள் வீதியைப் பாருங்கள். குடும்பங்கள் வாழும் தெருவிலேயே திண்ணைகளையும் முகப்புகளையும் செப்பனிட்டார்கள். 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. மனம் இருந்தால் முடியும்!

இன்னொரு பக்கம் பம்பாய். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் மில்கள் ஒவ்வொன்றாக மூடிக் கிடந்தன. 1991-ம் வருஷ விதி என்ன சொன்னது? மில் நிலத்தை விற்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பொது மைதானத்துக்கு, ஒரு பங்கு சர்க்கார் வீட்டு வசதிக்கு, மிச்சம்தான் முதலாளிக்கு. 2001-ல் அந்த விதியைத் திருத்தினார்கள். பங்கு பிரிப்பது கட்டடமில்லாத காலி நிலத்தில் மட்டும் என்றாயிற்று. மக்களின் பங்கு சுருங்கிப் போயிற்று. 2006-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றுக் கொண்டது. இன்று பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் பெரிய கடைவளாகம். பழைய புகைபோக்கி மட்டும் நிற்கிறது. புகைபோக்கி தப்பியது, தொழிலாளி தப்பவில்லை!

இதில் நமக்கு என்ன பாடம்? விதியில் ஒரு வார்த்தை மாறினால் ஒரு பேட்டையே மாறிப்போகும். அந்த வார்த்தையை எழுதும்போது நாம் அங்கே இருக்க வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. 1971-ம் வருஷத்திய தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி எந்த இடம் குடியிருப்பு, எந்த இடம் வியாபாரம், எத்தனை மாடி என்பதைத் திட்டத்தில் வரையறுக்கலாம். சரித்திர முக்கியத்துவம் உள்ளவற்றைப் பாதுகாக்கவும் அதில் இடமுண்டு. முழுமைத் திட்டத்தின் நகலை வெளியிட்டு, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் கொடுத்தாக வேண்டும். அந்த அறிவிப்பு ஆபீஸ் பலகையில் தூங்கவிடலாமா?

ஆகவே மூன்று வேலைகள். ஒன்று, தெருத் தெருவாகப் பழைய வீடுகளையும், அவற்றில் இருப்பவர்களையும், குடிக்கூலிக்காரர் உள்பட, பட்டியல் எடுங்கள். இரண்டு, குவார்ட்டர்ஸ் ரயில்வேயின் சொத்து. அதற்கு ரயில்வே நிர்வாகத்திடம் மனு. மற்றத் தெருக்களுக்கு நகராட்சியிடம் மனு. மூன்று, இரண்டு மனுவிலும் “குடியிருப்பவரை அகற்றாமல்” என்ற வார்த்தைகள் கட்டாயம் இருக்கட்டும்.

தனி மனிதன் கொடுத்த மனு காகிதம். தெருவே திரண்டு கொடுத்தால் அது கோரிக்கை. நாளைக்கே முதல் தெருவில் தொடங்குவோம்!