நஞ்சுக்குத் தடை, இழப்புக்கு ஈடு: கிராம சபையிலிருந்து தொடங்கும் போராட்டம்

(வனத்தை ஒட்டிய கிராமங்களில் பணியாற்றும் கட்சிக் கிளைச் செயலாளர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே!

கர்நாடக மாநிலம் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள மாதேஸ்வரன் மலை வனவிலங்குச் சரணாலயத்தில், 2025 ஜூன் 26 அன்று ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் இறந்து கிடந்தன. அருகில் ஒரு பசுவின் சடலம். புலி அடித்துப்போட்ட பசுவின் உடலில் நஞ்சு கலக்கப்பட்டிருந்தது விசாரணையில் வெளிப்பட்டது. பசுவின் உரிமையாளர் உள்ளிட்ட மூவர் கைது செய்யப்பட்டனர். அதே நாட்களில் இன்னொரு செய்தியும் வெளிவந்தது. அந்தக் காட்டில் ரோந்து செல்லும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கு மாதக்கணக்கில் ஊதியம் வழங்கப்படவில்லை என்பதே அச்செய்தி.

நாடெங்கும் எழுந்த அதிர்ச்சிக்கு மாநில அரசு அளித்த விடை என்ன? காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதிக்குமாறு ஜூலை மாதத்தில் வனத்துறை அமைச்சர் உத்தரவிட்டார். நஞ்சை விற்றவரைப் பற்றியும் இழப்பீடு வழங்காத அலுவலகத்தைப் பற்றியும் பேச வேண்டிய இடத்தில், மேய்ச்சலை நம்பி வாழும் ஏழைகள் அனைவரும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார்கள். மறுபுறம், காட்டு விலங்குகளை ஒட்டுமொத்தமாகச் சுட்டுத் தள்ள வேண்டும் என்ற கூச்சலும் வலுத்து வருகிறது. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையே உழைக்கும் மக்களின் பக்கம் நின்று ஒரு தெளிவான கோரிக்கையை முன்வைக்க வேண்டிய பொறுப்பு கட்சிக்கு உண்டு. விலங்குகளுக்கு நஞ்சு வைப்பதற்குக் கிராம அளவிலேயே தடை; அத்துடன் இணைபிரியாத முறையில், இழப்புக்கு உடனடி ஈடு. இதுவே அந்தக் கோரிக்கை.

ஒரே இரவின் கணக்கு

புலியோ சிறுத்தையோ ஒரு மாட்டை அடித்தால் பெரும்பாலும் ஒரே வேளையில் தின்று முடிப்பதில்லை. மிச்சத்தைத் தின்ன மறுபடியும் வரும். மாட்டை இழந்தவருக்கு இது நன்றாகத் தெரியும். வயலுக்கு வாங்கி வைத்த குருணை மருந்து வீட்டு மூலையில் இருக்கிறது. அதைச் சடலத்தின் மீது தூவுவதற்குச் சில நிமிடங்கள் போதும்.

கார்போபியூரான், போரேட் போன்ற பூச்சிக்கொல்லிகள் நரம்பு மண்டலத்தைத் தாக்குபவை. தசைகள் இறுகி, மூச்சு அடங்கி உயிர் பிரியும். இந்த நஞ்சுக்கு ஆள் அடையாளம் தெரியாது. மாட்டை அடித்த புலி வருவதற்கு முன்பே காகமும், நரியும், ஊர் நாயும், பாறு கழுகும் அதைத் தின்னக்கூடும். கார்போபியூரானின் ஒரே ஒரு குருணை சிறு பறவையைக் கொல்லப் போதுமானது. மழை பெய்தால் அது ஓடைக்குப் போகிறது. அந்த ஓடையில்தான் மறுநாள் பக்கத்து வீட்டு ஆடும் தண்ணீர் குடிக்கிறது.

2022 மார்ச் மாதத்தில் அசாம் மாநிலம் காம்ரூப் மாவட்டத்தின் சாய்காவ் அருகே ஏறத்தாழ நூறு பாறு கழுகுகள் ஒரே இடத்தில் இறந்தன. நஞ்சு கலந்த ஆட்டுச் சடலத்தை அவை தின்றதாகக் கருதப்படுகிறது. கழுகுகளைக் கொல்லும் நோக்கம் அங்கு யாருக்கும் இருந்திருக்க வாய்ப்பில்லை.

கழுகு அழிந்தால் மனிதர்களுக்கு என்ன என்று கேட்போர் உண்டு. கால்நடை மருந்தான டைக்ளோஃபெனாக் காரணமாக இந்தியாவின் பாறு கழுகினங்கள் 1990களில் தொடங்கி நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்தன. 2006இல்தான் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. கழுகுகள் இல்லாமல் போனதால் அழுகிய சடலங்களும், தெருநாய்களும், நீர் மாசும் பெருகி, 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 5 இலட்சம் கூடுதல் மனித மரணங்கள் நேர்ந்திருக்கும் என்று 2024இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு மதிப்பிடுகிறது. அந்த மரணங்களின் சுமை யாருடைய தெருக்களில் விழுந்திருக்கும் என்பதைத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

யார் சிறைக்குப் போகிறார்கள்?

“விவசாயி நமது வர்க்கம். அவருடைய இழப்பைப் பேசாமல் புலிக்காகப் பேசுவதா?” என்ற கேள்வி கிளைக் கூட்டங்களில் எழும். நியாயமான கேள்வி. நேர்மையாக விடையளிக்கப்பட வேண்டிய கேள்வியும் கூட.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், நஞ்சு வைப்பதையும் அதற்கான முயற்சியையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. முதல் அட்டவணையில் உள்ள விலங்கைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை. அந்தச் சிறைக்குப் போகிறவர் யார்? 2023 செப்டம்பரில் நீலகிரியின் அவலாஞ்சி அருகே இரண்டு புலிகள் இறந்தபோதும் கைதானவர் மாட்டை இழந்த ஒரு விவசாயிதான். ஒரே மாட்டை இழந்த குடும்பம், அதன்பின் உழைக்கும் ஆளையும் இழக்கிறது. நஞ்சைத் தயாரித்த நிறுவனம் வழக்கின் எந்தப் பக்கத்திலும் இல்லை. இழப்பீட்டு விண்ணப்பத்தைக் கிடப்பில் போட்ட அதிகாரியும் இல்லை. ஆகவே நஞ்சுக்கு எதிரான இயக்கம் விவசாயியைக் காக்கும் இயக்கமே ஆகும்.

நஞ்சு வைப்பவருக்கு இருப்பது ஓர் இரவு. இழப்பீடு வழங்கும் அலுவலகமோ மாதங்களைக் கணக்கிடுகிறது. சடலத்தைக் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும், வனத்துறை மகஜர் எழுத வேண்டும், கோப்பு மேலே போக வேண்டும். மாடு காட்டுக்குள் இறந்தது என்றால் விண்ணப்பமே திருப்பி அனுப்பப்படுவது பல இடங்களில் வழக்கம். மேய்ச்சலைத் தடை செய்தால் இந்த நிலை மேலும் மோசமாகும். மேய்த்ததே குற்றம் என்றான பின், மாட்டைப் பறிகொடுத்தவர் அந்த இழப்பை வெளியே சொல்லக்கூட அஞ்சுவார். சொல்ல முடியாத இழப்பு நஞ்சாக மாறும். புலியைக் காப்பதாகச் சொல்லிக் கொண்டுவரப்படும் மேய்ச்சல் தடை, புலிக்கே எதிராக முடியும்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(டி)யில் மேய்ச்சலை ஓர் உரிமையாக அங்கீகரிக்கிறது. இடதுசாரிகள் நாடாளுமன்றத்திலும் களத்திலும் போராடிப் பெற்ற சட்டம் அது. அதை நிர்வாக உத்தரவால் பறிப்பதை ஏற்க இயலாது.

கிராம சபையின் அதிகாரம்

“சட்டத்திலேயே தடை இருக்கும்போது கிராமத்தில் இன்னொரு தடை எதற்கு?” என்பது அடுத்த கேள்வி. சட்டம் விலங்கு இறந்த பிறகு வருகிறது. கிராமத்தின் தடை அதற்கு முன்பே வர முடியும்.

வன உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, வனவிலங்குகளையும் காட்டையும் பல்லுயிர் வளத்தையும் பாதுகாக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு வழங்குகிறது. அவற்றுக்குக் கேடு விளைவிக்கும் எந்தச் செயலையும் நிறுத்தக் கிராம சபை எடுக்கும் முடிவு நிறைவேறுவதை உறுதி செய்யவும் அதே பிரிவு அதிகாரம் அளிக்கிறது. இதற்கெனக் குழு அமைக்கவும் விதிகளில் இடம் உண்டு. பட்டா வழங்குவதற்கான சட்டமாக மட்டுமே இது பார்க்கப்படுவதால், இந்தப் பிரிவு ஏட்டிலேயே உறங்குகிறது. அதை எழுப்புவது கட்சியின் வேலை. காட்டைக் காக்கும் தகுதி வனத்துறைக்கு மட்டுமே உண்டு என்ற காலனிய வாதத்துக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு இல்லை.

கேரள அனுபவம் இங்கு பயன்படும். பயிர்களை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட்டுக்கொல்ல அனுமதிக்கும் அதிகாரத்தை, 2022 மே மாதத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. அதே உத்தரவில், நஞ்சு, வெடிபொருள், மின்சாரம் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்றும் திட்டவட்டமாகக் கூறப்பட்டது. விவசாயிக்குப் பாதுகாப்பு, கண்மூடித்தனமான கொலைக்குத் தடை என்ற இரண்டும் ஒரே உத்தரவில் இடம்பெற முடியும் என்பதற்கு இது சான்று.

இதில் கட்சி முந்திக்கொள்ளாவிட்டால் வேறு சிலர் முந்திக்கொள்வார்கள். 2020 மே மாதத்தில் பாலக்காடு மாவட்டத்தில் வெடிபொருள் வைத்த பழத்தைக் கடித்துக் கருவுற்ற யானை ஒன்று இறந்தது. நடந்த இடம் பாலக்காடு. ஆனால் முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புரத்தின் மீது பழி சுமத்தி வகுப்புவாதப் பிரச்சாரம் நாடு முழுவதும் கட்டவிழ்த்துவிடப்பட்டது. விலங்கின் மரணத்தையும் வெறுப்புக்கு எரிபொருளாக்கும் சக்திகள் காத்திருக்கின்றன.

காசர்கோடு தரும் பாடம்

உள்ளூர்த் தடையால் என்ன ஆகிவிடும் என்று ஐயுறும் தோழர்கள் காசர்கோட்டை நினைவில் கொள்ள வேண்டும். அங்கு அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எண்டோசல்ஃபான் வானிலிருந்து தெளிக்கப்பட்டது. முதலில் எதிர்த்தவர்கள் அந்தக் கிராமங்களின் மக்கள். 2000ஆம் ஆண்டின் இறுதியோடு வான்வழித் தெளிப்பு நின்றது. இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில் 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதன் உற்பத்திக்கும் விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் இடைக்காலத் தடை விதித்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 இலட்சம் ரூபாய் வழங்குமாறு உத்தரவிட்டது. ஒரு மாவட்டத்தின் சில ஊராட்சிகளில் எழுந்த குரல், நாடு தழுவிய தடையாக மாறியது.

இன்றைய போராட்டத்துக்கும் அந்த மேல்நோக்கிய பயணம் தேவை. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி மாநில அரசு ஒரு நஞ்சின் விற்பனையை அறுபது நாட்களுக்கு மட்டுமே நிறுத்த முடியும். நீட்டித்தால் மேலும் முப்பது நாட்கள். நிலையான தடை விதிக்கும் அதிகாரம் ஒன்றிய அரசின் கையில். போரேட் 2020ஆம் ஆண்டின் இறுதியோடு தடை செய்யப்பட்டுவிட்டது. கார்போபியூரானோ 3 விழுக்காட்டுக் குருணை வடிவில் இன்னும் சட்டப்படியே விற்கப்படுகிறது. கென்யாவில் சிங்கங்கள் இந்த நஞ்சுக்குப் பலியாகி உலகளவில் கண்டனம் எழுந்தபோது, 2009இல் அதைத் தயாரித்த அமெரிக்க நிறுவனம் அந்நாட்டுச் சந்தையிலிருந்து அதனைத் திரும்பப் பெற்றது. எதிர்ப்பு எழும் இடத்தில் பின்வாங்குவதும், எழாத இடத்தில் விற்பதும் மூலதனத்தின் இயல்பு.

முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள்

வனத்தை ஒட்டிய ஒவ்வொரு கிராம சபையிலும் நஞ்சு வைப்பதற்கு எதிரான தீர்மானம் 5ஆவது பிரிவின் கீழ் நிறைவேற்றப்பட வேண்டும். கொடிய பூச்சிக்கொல்லிகளை விற்கும் கடைகளின் இருப்புப் பதிவேட்டைக் கிராமக் குழு பார்வையிட வழி செய்ய வேண்டும்.

கால்நடை அடிக்கப்பட்ட தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் இடைக்கால நிவாரணம் வீட்டுக்கே வர வேண்டும். சடலத்துக்கு அன்றிரவே காவல் போட வேண்டும். காட்டுக்குள் இறந்தது என்ற காரணத்தால் எந்த விண்ணப்பமும் நிராகரிக்கப்படக் கூடாது.

வனவிலங்குகளால் ஏற்படும் பயிரிழப்பு 2026 காரிஃப் பருவம் முதல் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. 72 மணி நேரத்துக்குள் செயலி வழியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. கைபேசித் தொடர்பே கிடைக்காத மலைக் கிராமங்களில் இது எப்படி நடக்கும்? எழுத்து மூலமான புகாரும் ஏற்கப்பட வேண்டும். நில ஆவணம் இல்லாத குத்தகை விவசாயிகளும் பயன்பெற வேண்டும்.

வனத்துறையின் ஒப்பந்தப் பணியாளர்களுக்கு மாதந்தோறும் ஊதியமும் பணிப் பாதுகாப்பும் வழங்கப்பட வேண்டும். கார்போபியூரான் முழுமையாகத் தடை செய்யப்பட வேண்டும். மேய்ச்சல் தடை உத்தரவுகள் திரும்பப் பெறப்பட வேண்டும்.

தோழர்களே! இந்த இயக்கம் மாட்டை இழந்த வீட்டின் வாசலிலிருந்துதான் தொடங்க முடியும். தகவல் கிடைத்த அன்றே கிளைத் தோழர்கள் அங்கு செல்ல வேண்டும். விண்ணப்பத்தை எழுதித் தர வேண்டும். மருத்துவரையும் வனச்சரகரையும் வரவழைக்க வேண்டும். அந்த இரவு அந்தக் குடும்பத்தோடு இருக்க வேண்டும். அதைச் செய்த கட்சிக்குத்தான், அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று, இந்த ஊரில் இனி யாரும் நஞ்சு வைக்கக் கூடாது என்று சொல்லும் உரிமை உண்டு. ஊரும் அதைக் கேட்கும்.