வெயிலில் நிற்பவரின் சாட்சியம்

இன்று பட்டம் பெறும் இளைஞர்களே, காலநிலை மாற்றத்தை யார் எப்படி உணர்கிறார்கள் என்பதைச் சமூக ஏற்றத்தாழ்வு பெரிதும் தீர்மானிக்கிறது. அதைக் கணக்கில் கொள்ளாத திட்டம் எதுவும் உரியவரைச் சென்றடையாது. இந்த ஒரு கருத்தையே உங்கள் முன் வைக்கிறேன்.

2007, 2008 ஆண்டுகளில் கேலப் நிறுவனம் 119 நாடுகளில் நடத்திய கருத்துக்கணிப்பை ஆராய்ந்து, 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. அன்று உலகில் வயதுவந்தோரில் 10 பேருக்கு 4 பேர் காலநிலை மாற்றத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே இல்லை. இந்தியாவில் பாதிப்பேருக்கும் மேல். கேள்விப்பட்டவர் யார் என்பதை வேறெதையும்விட அதிகமாகத் தீர்மானித்தது கல்வி. ஆனால், அதை ஆபத்தாக உணர்வதற்கான காரணம் கண்டத்துக்குக் கண்டம் வேறுபட்டது. ஐரோப்பாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் மனிதச் செயல்களே இதற்குக் காரணம் என்ற புரிதல் முன்னின்றது. ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் பலவற்றில் தம் ஊரின் வெப்பம் மாறிவிட்டது என்ற பட்டறிவு முன்னின்றது. பள்ளிக்கூடம் எட்டாத இடத்தையும் வெயில் எட்டிவிட்டது.

அந்த வெயில் எல்லோருக்கும் ஒன்றாகக் காய்வதில்லை. உப்பளங்களைப் பாருங்கள். உப்பு விளைவதே கடும் வெயிலில்தான். வேலையைத் தள்ளிப்போட்டால் அன்றைய கூலி இல்லை. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் வெப்பத்தின் தாக்கத்தையும் சிறுநீரகப் பாதிப்பையும் பதிவு செய்திருக்கிறார்கள். மறுபுறம், கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழப் பாதிக்கு உலகின் செல்வம் மிகுந்த 10 சதவீதத்தினரே காரணம் என்கிறது ஆக்ஸ்பாம் அமைப்பின் கணக்கு. வெப்பத்தைக் கூட்டியவர் குளிரூட்டிய அறையில் இருக்கிறார். கூட்டாதவர் உப்புப் பாத்தியில் நிற்கிறார்.

ஒரு கோடையின் வெக்கை காலநிலை மாற்றத்துக்குச் சான்றாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காரணத்தை நிறுவப் பல பத்தாண்டு அளவீடுகள் வேண்டும். ஆனால், வானிலை நிலையத்தின் வெப்பமானி நிழலில் இருக்கிறது. எந்த வேளையில் யாருடைய உடல் தளர்கிறது என்பதை வெயிலில் நிற்பவர்தான் சொல்ல முடியும். ஏழைகளுக்குக் கூலிதான் கவலை, சூழல் அன்று என்பது இன்னொரு வாதம். கூலியையே வெப்பம் பறிக்கும்போது இரண்டும் ஒரே கவலைதான். விழிப்புணர்வு ஊட்டினால் போதும் என்போரும் உண்டு. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்பது உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களுக்குத் தெரியாததன்று. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். அங்கே தேவை அறிவுரை அன்று, கழிப்பறை.

2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல தொடக்கம். அதைச் செயலாக்கப்போகிறவர்கள் நீங்கள். கட்டடம் வரைபவராக, நோயாளியைப் பார்ப்பவராக, கோப்பில் கையெழுத்திடுபவராக எந்த நாற்காலியில் அமர்ந்தாலும், முடிவெடுக்கும் முன் அந்த முடிவோடு வெயிலில் வாழப்போகிறவரைக் கேளுங்கள். அவர் சொல்வதை உங்கள் அளவீடுகளுக்குப் பக்கத்தில் சான்றாக எழுதுங்கள். நீங்கள் பெற்ற கல்வி அவர் குரலுக்கும் வலிமை சேர்க்கட்டும்.