கண்டிக்குப் போனவர்களின் ஊர்



திண்டுக்கல் சுற்றுவட்டாரக் கிராமங்களில் வயசான ஆட்களிடம் குடும்பக் கதை கேட்டால், நடுவில் ஒரு பெயர் வந்து விழும். "அவரா? அவரு கண்டிக்குப் போனவரு." கண்டி என்றால் இலங்கையின் மலைத் தோட்டங்கள். அதோடு அடுத்த பெயருக்குப் பேச்சு தாவிவிடும். எந்த வருஷம் போனார், யாரோடு போனார், அங்கே பிள்ளைகுட்டி உண்டா என்பதெல்லாம் கேட்டால்தான் வரும். கேட்டாலும் பாதிதான் வரும்.

அப்படிக் கடல் தாண்டிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இப்போது ஊர் தேடி வருகிறார்கள். டர்பனிலிருந்து வருகிறார்கள், மொரீஷியஸிலிருந்து வருகிறார்கள், பினாங்கிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் வருகிறார்கள். அவர்கள் கையில் என்ன இருக்கிறது, நம் கையில் என்ன இருக்கிறது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ரொம்ப தூரம் போனவர்களைப் பற்றித்தான் நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் போனவர்களைப் பற்றி எழுத்தே குறைவு.

தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்வோம். 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போன முதல் கப்பல் அது. 1911 வரை டர்பன் இருக்கும் நடாலுக்கு இப்படிப் போனவர்கள் 1,52,184 பேர். ஒற்றை ஆள் வரைக்கும் எப்படிச் சொல்ல முடிகிறது என்றால், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். கடைசியில் அங்க அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு, வலது முழங்கையில் மச்சம் என்கிற மாதிரி. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியது அது. ஆளைச் சரக்காக நினைத்து எழுதிய கணக்குதான் இன்றைக்கு ஒரு குடும்பத்துக்குப் பாட்டனாரைத் திருப்பிக் கொடுக்கிறது. அந்தப் பட்டியல்களைக் கணினியிலும் ஏற்றிவிட்டார்கள்.

மொரீஷியஸில் இதற்கும் மேலே. 1834இல் தொடங்கி நாலரை லட்சம் பேருக்கு மேல் அங்கே போனார்கள். அவர்கள் கப்பலிலிருந்து இறங்கிப் படியேறிய ஆப்ரவாசி காட் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. குடியேற்றப் பதிவேடுகள் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பிற்காலத்தில் வந்தவர்கள் பலருக்குப் புகைப்படமும் உண்டு. நம் ஊரில் வசதியான குடும்பத்துக்கே படம் பிடிக்க வாய்ப்பில்லாத காலத்தில், ஒரு கூலிக்காரரின் முகம் அங்கே பத்திரமாக இருக்கிறது. பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை போன அறுபதாயிரம் சொச்சம் பேருக்கும் ஆளுக்கொரு அனுமதிச் சீட்டு. அதிலும் ஊர் பெயர் எழுதியிருக்கும்.

இவ்வளவு எழுதியிருக்கிறதே, நேராக வந்து வீட்டுக் கதவைத் தட்டிவிடலாமே என்று தோன்றும். சிக்கல் இனிமேல்தான்.

சீட்டில் 'மதுரா' என்று இருக்கிறது. வருகிறவர் விமானம் ஏறி மதுரையில் இறங்கி, மீனாட்சியம்மனைக் கும்பிட்டுவிட்டு, வந்த வேலை முடிந்தது என்று நினைத்துத் திரும்பிப் போகிறார். ஆனால் அந்தக் காலத்து மதுரா ஜில்லா எவ்வளவு பெரியது! ராமநாதபுரம் தனி ஜில்லாவானது 1910இல்தான். அதற்கு முன்னால் எழுதிய சீட்டு என்றால் கொடைக்கானல் மலை தொடங்கி ராமேஸ்வரம் கடற்கரை வரை எல்லாமே மதுராதான். நடாலுக்குப் போனவர்களில் அநேகமாக எல்லாருடைய சீட்டும் அந்தக் காலத்துச் சீட்டு. நம் திண்டுக்கல் மாவட்டம் பிரிந்ததோ 1985 செப்டம்பரில். ஆகவே 'மதுரா' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தாலுகா பெயர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். 'திண்டுக்கல்' என்று இருந்தால் இன்றைய வேடசந்தூர், ஆத்தூர்ப் பக்கமும் அதற்குள் அடக்கம். வத்தலக்குண்டுக்காரர் நிலக்கோட்டைத் தாலுகாவில் இருப்பார்.

அடுத்தது கிராமத்தின் பெயர். நம் சீமையில் ஊருக்கு ஊர் 'பட்டி'. ரெட்டியபட்டி, கோட்டைப்பட்டி, பள்ளப்பட்டி என்று ஒரே பெயரில் எத்தனையோ ஊர்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஆள் வாயால் சொல்ல, கப்பலேறும் வரை ஆட்களைத் தங்கவைத்த சென்னை டிப்போவில் உட்கார்ந்திருந்த எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுத, அதை டர்பனில் இன்னொருவர் பார்த்து எழுதியிருக்கிறார். வடமதுரைக்காரர் ஒருவர் 'மதுரா' என்ற கட்டத்துக்குள்ளேயே கரைந்துபோயிருக்கலாம். ஆங்கில எழுத்தைக் கண்ணால் படிப்பதைவிட, உரக்க வாய்விட்டுப் படித்து, உள்ளூர் ஆள் ஒருவரைக் கேட்கச் சொல்வதுதான் பலன் தரும். காது கண்டுபிடித்துவிடும்.

குடும்பப் பெயர் உதவாதா? நம்மிடம் ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்தோடு நம் பரம்பரை ஒரு தலைமுறையில் அறுந்துவிடுகிறது. கடல் தாண்டினதும் அந்த வழக்கம் செல்லவில்லை. கவுண்டர் 'கொவெண்டர்' ஆனார், முதலியார் 'மூட்லி' ஆனார். மொரீஷியஸில் யாரோ ஒரு வீரப்பனின் பெயர் வம்சத்துக்கே பெயராக ஒட்டிக்கொண்டது. அங்கே அது பரம்பரைப் பெயர். இங்கே அந்த வீரப்பனின் அண்ணன் தம்பி வம்சத்தில் அப்படி ஒரு பெயரே இருக்காது.

அயர்லாந்துக்காரர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நம் நிலை இன்னும் புரியும். 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி அங்கே பெரும்பஞ்சம் வந்தது. பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவு பேர் கப்பலேறினார்கள். அவர்களின் வாரிசுகள் இன்று அமெரிக்காவிலிருந்து கூட்டம் கூட்டமாக அயர்லாந்துக்குப் போய்க் கிராமம் தேடுகிறார்கள். 1922 உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து, 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புத் தாள்கள் பெரும்பாலும் சாம்பலாயின. ஆனாலும் 1901, 1911 கணக்கெடுப்பு தப்பியது. வீடு வாரியாக யார் யார் இருந்தார்கள் என்று இன்றைக்கு எவரும் காசில்லாமல் பார்க்கலாம். நம் நாட்டிலும் 1871லிருந்து 2011 வரை பத்து வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்தார்கள். ஆனால் ஆள்வாரியான விவரம் பொதுமக்கள் பார்வைக்கு வருவதில்லை. ஊருக்கு எத்தனை தலை என்று தெரியும், யாருடைய தலை என்று தெரியாது.

இனி பக்கத்தில் போனவர்களின் கதைக்கு வருகிறேன். நம் மாவட்டத்துக்கு அதுதான் பெரிய கதை.

1875இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது. அடுத்த வருஷம் தூத்துக்குடி வரை போயிற்று. அதே 1876இல் தாது வருஷப் பஞ்சம். மழையை நம்பிச் சோளமும் கம்பும் விதைத்த நம் மானாவாரிச் சமவெளி என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வயிறு காய்ந்த நேரத்தில் வாசலில் ரயில். தூத்துக்குடியில் கப்பல், கொழும்பில் இறங்கினால் மலையில் வேலை. அதற்கு முந்தைய தலைமுறை ராமநாதபுரம் கடற்கரை வரை நடந்து, தோணியில் மன்னாருக்குக் கடந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை மறுபடி நடந்தது. வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயிலிலேயே போய்க் கப்பல் மாறினார்கள். நடுவில் மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள்.

இவர்களுக்கு நடாலைப் போலத் தனித்தனிப் பதிவேடு இல்லை. ஆள் சேர்க்கும் கங்காணிதான் எல்லாம். தன் சொந்த ஊருக்கு வந்து, சொந்த பந்தத்துக்கு முன்பணம் கொடுத்து, கும்பலாகக் கூட்டிப் போனார். கணக்கு அவர் மடியில் இருந்தது. கடன் எவ்வளவு என்று எழுதிய 'துண்டு' என்ற சீட்டுதான் ஆளை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றியது. 1900களின் தொடக்கத்தில் தகரத் துண்டு ஒன்றும் வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த சின்ன வில்லை. போய்ச் சேர வேண்டிய இடம் அதில் இருந்தது. புறப்பட்ட இடம் இல்லை. மலேயாவிலும் கங்காணி முறைதான் ஓங்கியிருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். 1938இல் இந்திய அரசு தடை போடும் வரை அது நடந்தது.

ஆனால் கங்காணி முறையில் ஒரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. ஒரே ஊர் ஆட்கள் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில், அதாவது ஒரே வரிசை வீட்டில் இருந்தார்கள். உங்கள் தாத்தாவின் ஊர் உங்களுக்குத் தெரியாவிட்டால், பக்கத்து அறையில் இருந்த குடும்பத்துக்குத் தெரிந்திருக்கும். இலங்கை மலையகத்தில் தேடுகிறவர்கள் ஆவணக் காப்பகத்துக்குப் போவதற்கு முன் அந்த லயத்துக்குத்தான் போக வேண்டும்.

இலங்கையில் காகிதம் பிறந்தது குடியுரிமை பறிபோன பிறகு. 1948 சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டபோது கணக்கில் இருந்தவர்கள் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று முடிவானது. அப்போது கொடுத்த விண்ணப்பங்களிலும் கடவுச்சீட்டுகளிலும் குடும்ப அட்டையிலும் பூர்வீக ஊர் என்று ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று தலைமுறையாகப் பார்க்காத ஊர். வந்தவர்களில் பலர் அந்த ஊருக்குப் போய் நின்றபோது அடையாளம் சொல்ல ஆளில்லை. வேலை தேடி நீலகிரிக்கும் நம் கொடைக்கானல் மலைக்கும் போய்விட்டார்கள். இந்த விஷயத்தில் இரண்டு அரசுகளுமே ஆட்களை எண்ணிக்கையாகப் பங்கு போட்டன என்பதுதான் என் எண்ணம்.

சரி, ஊர்ப் பக்கம் நாம் என்ன வைத்திருக்கிறோம்? பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் நிலம் இருந்தவர்களுக்கு. போனவர்களில் பெரும்பாலோர் காலடி நிலம்கூட இல்லாதவர்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் அவர்களைத் தேடுவது பெரும்பாலும் வீண் அலைச்சல். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் வழி கொஞ்சம் எளிது. மாரம்பாடி, பஞ்சம்பட்டி போன்ற பழைய பங்குகள் நிறைந்த பகுதி இது. கோயில் பதிவேட்டில் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு மூன்றும் இருக்கும். பண்ணையாருக்கும் ஒரு வரி, பண்ணையாளுக்கும் ஒரு வரி.

மற்றவர்களுக்குக் குலதெய்வம். ஊர் பெயர் மறந்த குடும்பத்துக்கும் சாமி பெயர் நினைவிருக்கும். புறப்படும்போது கோயிலில் பிடிமண் எடுத்துப்போய்த் தோட்டத்தில் கல் நட்டுக் கும்பிட்டவர்கள் உண்டு. சாமியின் பெயரோடு காவல் தெய்வம் யார், என்ன படையல், எந்த மாதம் கும்பிடுவது என்று நாலு விவரம் சேர்ந்தால் போதும். சிவராத்திரிக்குப் பங்காளிகள் கூடும் இடத்தில் விசாரித்தால் பாதை பிடித்துவிடலாம். தலைக்கட்டு வரி எழுதும் நோட்டுகள் சில கோயில்களில் பல தலைமுறைக்கு இருக்கின்றன. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் கைகொடுக்கும். அங்கேயும் இங்கேயும் ஒரே பெயர்கள் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்பத் திரும்ப வந்தால், அது தற்செயலாக இருக்காது.

இப்போது கொஞ்சம் சங்கடமான பேச்சு. தேடி வருகிறவரைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு முதலில் வருவது பாசம் என்று சொல்ல மாட்டேன். பங்கு கேட்டு வந்திருக்கிறாரோ என்ற பயம்தான் வருகிறது. அதனாலேயே "அப்படி யாரும் இங்க இல்லைங்க" என்று சொல்லி அனுப்பிய வீடுகள் உண்டு. அடுத்து, எந்தத் தெரு என்ற கேள்வி. சீட்டில் எழுதியிருக்கும் சாதி டிப்போவில் சொன்ன சாதி. கப்பலேறும்போது அதை மாற்றிச் சொன்னவர்கள் இருக்கிறார்கள், எழுத்தரே தோன்றியதை எழுதியதும் நடந்திருக்கிறது. டர்பனில் பிறந்த பிள்ளைக்கு அது ஒரு சரித்திர விவரம். இங்கே அவரை எந்தத் தெருவுக்குக் கூட்டிப் போவது என்பதையே அது தீர்மானிக்கிறது. வருகிறவரிடம் இதை மூடி மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தமிழ்நாடு அரசு 2023 முதல் 'வேர்களைத் தேடி' என்று ஒரு பண்பாட்டுப் பயணம் நடத்துகிறது. அயலகத் தமிழ் இளைஞர்களை அழைத்துக் கோயில், சிற்பம், கலை என்று காட்டுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் கொள்ளுத்தாத்தா குடித்த கிணறு அந்தப் பேருந்து போகும் வழியில் இருக்காது. அதைக் காட்ட உள்ளூர் ஆள்தான் வேண்டும்.

அந்த உள்ளூர் ஆள் நீங்களாக இருக்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கண்டிக்கோ பினாங்குக்கோ போனவர் பெயரை, அவர் தகப்பன் பெயரை, கூட்டிப்போன கங்காணியின் பெயரை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். சிலோன் முத்திரை ஒட்டிய பழைய கடிதம் டிரங்குப் பெட்டியில் கிடந்தால் உறையையும் சேர்த்து வையுங்கள். தோட்டத்தின் பெயர் உறையில்தான் இருக்கும். கோயில் தலைக்கட்டு நோட்டு கரையான் அரிக்கும் நிலையில் இருந்தால் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அடித்துவிட்ட பெயர்களையும் விடாதீர்கள். ஊரைவிட்டுப் போனவர்களின் பெயரைத்தான் பெரும்பாலும் அடித்திருப்பார்கள்.