தோட்டத்து அணையைக் கவனிப்பது யார்?



அணை என்றதும் செராஸ் வட்டார மக்களுக்கு உலு லங்காட்டில் உள்ள லங்காட் அணைதான் நினைவுக்கு வரும். குடிநீர் தரும் அந்தப் பெரிய அணையைக் கவனிக்கப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஆனால், தோட்டக்காரர் ஒருவர் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச ஓடையை மறித்து மண்கரை எழுப்பினால் அதுவும் அணைதானே! அதைக் கவனிப்பது யார்?

2006 மார்ச் 14 அன்று விடியற்காலையில், அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் காவாய் தீவிலுள்ள கா லோகோ அணை உடைந்தது. கரும்புத் தோட்டப் பாசனத்திற்காக 1890-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட மண் அணை அது; பின்னர் தனியார் கைக்கு மாறியது. தொடர்மழைக்குப் பின் உடைந்த அதன் வெள்ளம் ஏழு உயிர்களைப் பறித்தது. அரசாங்கப் பட்டியலில் அது ‘குறைந்த அபாயம்’ உள்ள அணை!

அணையில் உபரி நீர் வெளியேறும் வழியே இல்லாமல் போயிருந்ததை விசாரணை சுட்டிக்காட்டியது. தமிழ்நாட்டு ஏரிகளில் அந்த வழிக்குக் கலிங்கு என்று பெயர். கலிங்கு அடைபட்டால், பெருமழையில் தண்ணீர் கரைக்கு மேலே வழியும். வழியும் நீர் மண்ணை அரிக்கும். சிறிது நேரத்தில் கரையே காணாமல் போகும். அணையின் உரிமையாளருக்கு 2014-இல் ஏழு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மாண்டவர்கள் மீண்டு வரவில்லை.

கென்யாவின் சோலாய் பகுதியிலும் 2018 மே 9 அன்று தனியார் பண்ணை அணை உடைந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கீழே குடியிருந்த எளிய மக்களே பலியானார்கள்.

சிறிய குளம்தானே என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு ஹெக்டர் பரப்பில் மூன்று மீட்டர் ஆழத்திற்குத் தேங்கும் நீரின் எடை 30,000 டன். இந்தியாவின் 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம்கூட 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையுமே உள்ளடக்குகிறது. அதற்கும் சிறியவை அச்சட்டத்தின் பார்வைக்கு வருவதில்லை.

2021 டிசம்பரில் உலு லங்காட்டை வெள்ளம் புரட்டிப் போட்டது. அணை உடைந்து வந்த வெள்ளமல்ல அது, மழை வெள்ளம். அப்படிப்பட்ட மழை மீண்டும் பெய்தால் மேட்டிலுள்ள குளக்கரைகள் தாங்குமா என்பதே கேள்வி.

தோட்ட உரிமையாளர்கள் மழைக்காலத்திற்கு முன்பே உபரி நீர் வழியைச் சுத்தம் செய்ய வேண்டும். கரையில் பெரிய மரங்களை வளரவிடக் கூடாது. கரையின் அடியில் கசியும் நீர் கலங்கலாக வந்தால், உள்ளே மண் அரிக்கப்படுகிறது என்று பொருள். உடனே நீர்மட்டத்தைக் குறைத்து, பொறியாளரை அழைக்க வேண்டும். கீழே வசிப்போருக்கும் தகவல் சொல்ல வேண்டும்.

குடியிருப்பாளர்களும் மேட்டில் குளம் இருப்பது தெரிந்தால், வடிகால் நீர்ப்பாசன இலாகாவிடமோ மாவட்ட அலுவலகத்திடமோ எழுத்து மூலம் விசாரிக்கலாம். அந்தக் கடிதத்தை மழைக்கு முன்பே எழுதிவிடுங்கள்.