அறப்பணியும் கணினியும்

(ஆலயப் பொறுப்பாளர்களும் நன்கொடையாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



அறநிறுவனங்களின் அன்றாடப் பணிக்குக் கணினி எவ்வாறு துணை நிற்கும் என்று பேசும்படி பணித்திருக்கிறார்கள். ஆலயத்திற்கு வந்து கணினியைப் பற்றியா கேட்பது என்ற எண்ணம் சிலர் முகத்தில் தெரிகிறது. ஆனால் கணக்கு நம் கோவில்களுக்குப் புதியதன்று. தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையரின் பெயர். அவர் நாள்தோறும் அளக்க வேண்டிய நெய் ஓர் உழக்கு. யார் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார், யார் பொறுப்பு என்ற மூன்றும் கல்லிலே நிற்கின்றன. எண்ணிக்கை குறையாமல் மந்தையைக் காக்க வேண்டும் என்பதால் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றே அழைத்தார்கள். முதல் கரையாமல் வருவாயைக் கொண்டு தருமம் நடத்துவது என்று இன்று நாம் சொல்வது இதைத்தான்.

பினாங்கிலும் அப்படித்தான். குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயம் 1833ஆம் ஆண்டிலிருந்து நிற்கிறது. அந்த நூற்றாண்டில் நம்மவர்கள் கோவிலுக்கென்று நிலமும் பணமும் மனமுவந்து எழுதி வைத்தார்கள். எல்லாம் எழுதி வைத்தவர் எண்ணப்படி நடந்ததா என்றால், இல்லை. அதனால்தான் நீரிணைக் குடியேற்ற அரசு 1905இல் முகமதிய, இந்து அறக்கொடைகளுக்கென ஒரு சட்டம் இயற்றியது. 1906இல் பினாங்கில் இந்து அறப்பணி வாரியம் தோன்றியது. கணக்குச் சரியில்லை என்ற குறையைத் தீர்க்கப் பிறந்த அமைப்பு இது. ஆகவே ரசீதையும் பேரேட்டையும் பற்றி இங்கே பேசுவது அதன் பிறவிப் பயனைப் பற்றிப் பேசுவதாகும்.

பெரிய ஆலயங்களுக்கு அலுவலகமும் கணக்காளரும் உண்டு. என் கவலை சிறிய ஆலயங்களைப் பற்றியது. பொருளாளர் பகலில் தொழிற்சாலையில் வேலை செய்பவர். இரவில் ரசீதுக் கட்டைகளை எண்ணுகிறார். அங்கத்தினர் பட்டியல் அவருடைய கைத்தொலைபேசியில். வங்கிக் கடவுச்சொல் அவர் தலையில். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் ஆலயம் தன் பணத்தையே தொட முடியாது. முன்பு பெட்டகத்திற்கு இரண்டு சாவி வைத்து இரண்டு பேரிடம் கொடுத்தார்களே, அந்த அறிவு கணினிக்கு வந்ததும் எங்கே போயிற்று?

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது உண்டியலை மட்டும் நம்பியிருந்த ஆலயங்களுக்கு வரவு நின்றது. அர்ச்சகர் சம்பளமும் மின் கட்டணமும் நிற்கவில்லை. அதன்பின் பல இடங்களில் டூயிட்நவ் கியூஆர் அட்டை ஒட்டப்பட்டது. 2019இல் வந்த இந்த ஏற்பாடு நல்லதுதான். ஆனால் அட்டை ஆலயத்தின் பெயரிலுள்ள கணக்குக்குப் போகிறதா, தனிமனிதர் கணக்குக்கா என்று பாருங்கள். பணம் அனுப்புமுன் திரையில் தெரியும் பெயரைப் படிக்காமல் பொத்தானை அழுத்தாதீர்கள். ஒரிஜினல் அட்டை மேல் வேறோர் அட்டையை ஒட்டிவிட்டுப் போகும் திருடர்களும் உண்டு. பொறுப்பாளர்கள் காலையில் விளக்கேற்றும்போதே அதையும் ஒரு முறை பார்த்துவிடலாம்.

இன்னொன்று. 50 வெள்ளி வந்து விழுகிறது, எதற்கென்று குறிப்பில்லை. அன்னதானமா, திருப்பணியா, மாணவர் உதவியா? குறிப்பில்லாத பணம் பொதுச் செலவில் கலந்துவிடும். கல்லூரியில் இடம் கிடைத்தும் முதல் தவணைக் கட்டணத்திற்குத் தவிக்கும் பிள்ளைக்கென்று நீங்கள் நினைத்துக் கொடுத்தது, கூரைக்கு வண்ணம் பூசப் போய்விடும். யாரும் திருடவில்லை, ஆனாலும் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. ஒரே ஒரு சொல்லைக் குறிப்பில் தட்டுங்கள்: 'கல்வி' என்று. பொருளாளர்களும் ஒவ்வொரு நிதிக்கும் தனிப் பத்தி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. சாதாரண விரிதாளே போதும்.

மென்பொருள் வேண்டுமென்றாலும் வழி இருக்கிறது. 1987இல் சான் பிரான்சிஸ்கோவில் தொண்டர்கள் சிலர் கணினி தெரிந்தவர்களை அறநிறுவனங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அதுவே இன்று டெக்சூப் என்ற பெயரில் உலகெங்கும் இயங்குகிறது. மைக்ரோசாப்ட், கூகள் போன்ற நிறுவனங்கள் பதிவு பெற்ற அறநிறுவனங்களுக்கு இலவசமாகவோ குறைந்த விலையிலோ சேவை தருகின்றன. சங்கப் பதிவுச் சான்றும் சட்டவிதிகளும் கைவசம் இருக்க வேண்டும். பல ஆலயங்கள் தடுக்கி விழுவது இங்கேதான்: ஆண்டறிக்கையையே சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணினியில் தமிழைக் கொண்டுவந்ததில் நம் நாட்டுக்குத் தனிப் பெருமை உண்டு. முத்து நெடுமாறன் அவர்களின் முரசு 1985இலேயே பிறந்தது. ஆயினும் 1990களில் ஆளுக்கோர் எழுத்துருவில் தட்டச்சு செய்த மலர்களும் கொடையாளர் பட்டியல்களும் இன்றைய கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. கல்வெட்டு ஆயிரம் ஆண்டு தாங்கியது. நம் வட்டு முப்பது ஆண்டு தாங்கவில்லை. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பள்ளி விடுமுறையில் இளைஞர்களை உட்கார வைத்தால் முடிந்துவிடும் வேலை.

கணினி வந்துவிட்டதென்று முகப்பை மூடிவிடாதீர்கள். மாதந்தோறும் பத்து வெள்ளியைக் கைக்குட்டை முடிச்சில் கொண்டுவரும் பாட்டிகள் இருக்கிறார்கள். பேரன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, ரசீதில் எழுத்துப் பிழையில்லையா என்று பார்த்துத்தான் நகர்வார்கள். அவர்களுக்குக் கையால் எழுதிக் கொடுங்கள். கணினியில் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். வருமான வரிக் கழிவு கேட்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள்: வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் ரசீதே செல்லும்.

கூட்டம் முடிந்தபின் பின்வரிசை மேசையில் நானும் இரண்டு இளைஞர்களும் இருப்போம். ரசீதுக் கட்டை, பழைய வட்டு, வங்கிப் பட்டியல் எது கொண்டுவந்திருந்தாலும் காட்டுங்கள், சேர்ந்து பார்ப்போம்.