கை வலிச்சா கையைத் திட்டாதீங்க: மாண்டலினை யார் தூக்குறது?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

போன வாரம் எபிசோடு வரலை, மன்னிச்சுக்கோங்க. ரெண்டு வாரமா நான் கொடைக்கானல்ல இருந்தேன். வட்டக்கானல் பக்கம் ஒரு வாடகை ரூம். பகல்ல ஆபீஸ் வேலை, சாயங்காலம் மூடுபனி, ராத்திரி மலைப்பூண்டு போட்ட ரசம். கூடவே ஒரு பழைய மாண்டலின். இன்னைக்கு அந்த மாண்டலினைப் பத்தித்தான் பேசப்போறோம். இசை தெரியாதவங்களும் கேக்கலாம். ராகம் எல்லாம் பேசப் போறதில்லை. ஒரு பொருளோட வடிவம் நம்ம உடம்பை என்ன செய்யுதுங்கறதுதான் விஷயம். லேப்டாப் முன்னாடி உட்கார்ற எல்லாருக்கும் இது பொருந்தும்.

பெரியப்பாவோட மாண்டலின்

என் பெரியப்பா திண்டுக்கல்காரர். அந்தக் காலத்துல கல்யாண வீட்டுக் கச்சேரி, கோயில் திருவிழா மேடைன்னு ஒரு மெல்லிசைக் குழுவுல மாண்டலின் வாசிச்சவர். இருபது வருஷத்துக்கு முன்னாடி நிறுத்திட்டார். ஏன்னு கேட்டா எப்பவும் ஒரே பதில்தான்: "கை ஒத்துக்கலப்பா. நமக்கு விரல் வாகு இல்ல." ரெண்டு வருஷம் முன்னாடி அந்த மாண்டலினை எங்கிட்ட குடுத்துட்டார். "நீயாவது வாசி."

நானும் யூடியூப் பார்த்து ஆரம்பிச்சேன். பதினஞ்சு இருபது நிமிஷம் தாண்டாது. இடது கை மணிக்கட்டுல ஒரு இழுப்பு. கட்டை விரல் அடியில வலி. அப்புறம் முழங்கை வரைக்கும் ஏறும். நாள் முழுக்கக் கீபோர்டு தட்டுற கைதானே, அதனாலதான்னு நினைச்சேன். ஒரு கட்டத்துல நானும் பெரியப்பா மாதிரியே சொல்ல ஆரம்பிச்சுட்டேன்: எனக்கு விரல் வாகு இல்லை. குடும்பமே அப்படித்தான் போல. மாண்டலின் அலமாரி மேல ஏறிடுச்சு.

கொடைக்கானலுக்கு அதை ஏன் எடுத்துட்டுப் போனேன்னு எனக்கே தெரியலை. கார்ல இடம் இருந்துச்சு, அவ்வளவுதான்.

கம்பளி செஞ்ச வேலை

அந்த ரூம்ல ஒரே ஒரு பிளாஸ்டிக் சேர். அதுல லேப்டாப் இருக்கும். அதனால தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து, குளிருக்கு மடியில கம்பளியைப் போட்டுக்கிட்டு, அது மேல மாண்டலினை வச்சு வாசிச்சேன். அரை மணி நேரம் ஆச்சு. முக்கால் மணி ஆச்சு. வலி வரலை.

முதல்ல மலைக்காத்துன்னு நினைச்சேன்! ஆனா நமக்குத் தொழில் பக் தேடுறது. ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்திப் பார்க்கணும், இல்லையா? மறுநாள்ல இருந்து நாலு விதமா வாசிச்சுப் பார்த்தேன். தரையில கம்பளியோட, தரையில கம்பளி இல்லாம, சேர்ல கம்பளியோட, சேர்ல கம்பளி இல்லாம. ஒவ்வொண்ணும் தனித்தனி நாள். கம்பளி இருந்தா ரெண்டு இடத்துலயும் வலி குறைவு. கம்பளி இல்லாம ஜீன்ஸ் மேல வச்சா ரெண்டு இடத்துலயும் வலி. ஒரே ஒரு ஆளை வச்சுப் பண்ண சோதனைதான், ஆராய்ச்சின்னு பீத்திக்க மாட்டேன். ஆனா காரணம் பிடிபட்டுடுச்சு.

பெரியப்பாவோடது பௌல்-பேக் மாண்டலின். முதுகு பாதி வெட்டின பூசணிக்காய் மாதிரி உருண்டையா இருக்கும். இத்தாலியில நேப்பிள்ஸ் நகரத்துல 18-ம் நூற்றாண்டுல உருவான வடிவம் இது. மெல்லிய மரப்பட்டைகளை வளைச்சு ஒட்டிப் பண்றது. பார்க்க அழகு, எடையும் குறைவு. ஆனா உருண்டையான பொருளை வழவழப்பான பேண்ட் மேல வச்சா என்ன ஆகும்? வழுக்கும், உருளும். தலைப் பக்கம் கம்பி முறுக்குற இரும்புச் சாவிகள் எட்டு இருக்கு. உடம்பு லேசு, தலை கனம். அதனால கழுத்து கீழே சாயப் பார்க்கும்.

சாயாம யார் பிடிக்கிறது? இடது கை. அதே இடது கைதான் கம்பியையும் அழுத்தணும். ஒரே கைக்கு ரெண்டு வேலை: தூக்குறது, வாசிக்கிறது. கம்பளி சொரசொரப்பா இருந்ததால வழுக்கலை. தூக்குற வேலை மடிக்குப் போச்சு. கை வாசிக்கிறதை மட்டும் பார்த்துச்சு.

இடும்பன் பாடம்

அந்த வாரக் கடைசியில குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனேன். பனி விலகினா அங்கிருந்து பழனி மலை தெரியும். அன்னைக்குத் தெரிஞ்சது. இடும்பன் கதை உங்களுக்குத் தெரியும்தானே? சிவகிரி, சக்திகிரின்னு ரெண்டு மலையை ஒரு தண்டுல கட்டித் தோள்ல தூக்கிட்டு வந்தவர். காவடிக்கே அதுதான் ஆதிக்கதை. இன்னைக்கும் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து எத்தனையோ மைல் நடக்கிறாங்க. சுமை தோள்ல இருக்கிறதாலதான் அது முடியுது. அதே காவடியைக் கையில தொங்கவிட்டுப் பாருங்க, நாலு தெரு தாண்டாது. எடையை உடம்புல எந்த இடம் வாங்குதுங்கறதுதான் கேள்வி.

வயலினை எடுத்துக்கோங்க. மாண்டலினும் வயலினும் ஒரே சுருதி அமைப்பு. கம்பியோட நீளமும் கிட்டத்தட்ட ஒண்ணு, சுமார் 33 சென்டிமீட்டர். மேற்கத்தியக் கலைஞர்கள் வயலினைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவுல பிடிச்சு வாசிப்பாங்க. நம்ம கர்நாடக வித்வான்கள் தரையில உட்கார்ந்து, தலைப் பக்கத்தைக் கால் மேல ஊன்றி, மறுமுனையை மார்புல சாய்ச்சுக்குவாங்க. வயலின் ரெண்டு பக்கமும் தானா நின்னுடும். இடது கை மேலும் கீழும் சறுக்கிக் கமகம் போடச் சுதந்திரமா இருக்கும். வீணையும் அப்படித்தான். குடம் தரையில, சுரைக்காய் தொடை மேல. கை எதையும் தூக்கலை. நம்ம ஊர்ல இந்தப் பிரச்சினையை எப்பவோ தீர்த்து வச்சிருக்காங்க. நான்தான் சோபாவுல உட்கார்ந்து கஷ்டப்பட்டிருக்கேன்.

ஸ்ரீனிவாஸ் மாத்தினது

மாண்டலின்னா நமக்கு உடனே ஞாபகம் வர்ற பேர் யு. ஸ்ரீனிவாஸ். 1969-ல ஆந்திராவுல பாலக்கொல்லுல பிறந்தவர். 1978-ல, ஒன்பது வயசுல, குடிவாடாவுல தியாகராஜர் ஆராதனை விழாவுல முதல் கச்சேரி. அப்புறம் சென்னை அவரோட ஊராயிடுச்சு. 1998-ல பத்மஸ்ரீ. 2014 செப்டம்பர் 19 அன்னைக்கு, 45 வயசுலயே போயிட்டார்.

அவர் மடியில இருந்த மாண்டலினை ஒரு தடவை போட்டோவுல நல்லாப் பாருங்க. உருண்டை முதுகு கிடையாது. தட்டையான, மெல்லிய, சின்ன உடம்பு. எலக்ட்ரிக் மாண்டலின். வழக்கமான மாண்டலின்ல நாலு ஜோடி, அதாவது எட்டுக் கம்பி இருக்கும். அவர் ஜோடியை எடுத்துட்டு அஞ்சு ஒற்றைக் கம்பி வச்சுக்கிட்டார்.

கமகத்துக்கு அது முக்கியம். ஜோடிக் கம்பியை ஒரே விரலால இழுத்தா ரெண்டும் சரிசமமா இழுபடாது, சுருதி பிசிறும். ஒற்றைக் கம்பியில அந்தத் தொல்லை இல்லை. இதையே கையோட கண்ல இருந்து பாருங்க. ரெண்டு கம்பியை அழுத்துற இடத்துல ஒண்ணை அழுத்தினா விரலுக்கு எவ்வளவு மிச்சம்! ஒலியைப் பெருக்க ஆம்ப்ளிஃபயர் இருக்கிறதால பெரிய வயிறு மாதிரி கூடு தேவையில்லை. கூடு மெலிசா இருந்தா வலது கை அதைச் சுத்தி வளைக்க வேண்டாம், தோள் தூக்கிக்காது. சம்மணம் போட்ட மடியில அது அப்படியே படுத்துக்கும்.

"இது மேற்கத்திய வாத்தியம், இதுல கர்நாடக சங்கீதம் சரிப்படாது"ன்னு சொல்ல அன்னைக்கு ஆள் இருந்தாங்க. அவர் வாத்தியத்தை இசைக்கும் கைக்கும் ஏத்த மாதிரி மாத்திக்கிட்டார். வாசிச்சுக் காட்டினார். பேச்சு முடிஞ்சது.

கடையில நிக்கும்போது

இப்போ கடைக்குப் போனா பெரும்பாலும் மூணு வகை பார்ப்பீங்க. முதல் வகை, நம்ம பௌல்-பேக்.

அடுத்தது, தட்டை முதுகோ, லேசா வளைஞ்ச முதுகோ இருக்கிற கண்ணீர்த்துளி வடிவம். இதை ஏ ஸ்டைல்னு சொல்வாங்க. அமெரிக்காவுல ஆர்வில் கிப்சன்ங்கறவர் வயலின் மாதிரி மரத்தைச் செதுக்கி மாண்டலின் பண்ணி, 1898-ல காப்புரிமை வாங்கினார். அங்கிருந்து வந்த வழி இது. வழுக்காம வயித்தோட ஒட்டி நிக்கும். ஆனா முதுகு முழுக்க வயித்துல அழுந்தினா ஒலி கொஞ்சம் அமுங்கும். அதுக்காகவே முதுகுக்கும் வயித்துக்கும் இடைவெளி விடுற கம்பிச் சட்டம் மாட்டிக்கிறவங்க இருக்காங்க.

மூணாவது எஃப் ஸ்டைல். ஒரு பக்கம் சங்கு மாதிரி சுருள், கீழே ரெண்டு கூர் முனை. பார்த்தாலே வாங்கத் தோணும், விலையும் அதிகம். 1922-ல கிப்சன் கம்பெனி கொண்டுவந்த எஃப்-5 மாடல்தான் அமெரிக்க புளூகிராஸ் இசையோட அடையாளமே. அந்த முனைகள் வெறும் அலங்காரம்னு நினைச்சேன். உட்கார்ந்து வாசிக்கும்போது கீழ் முனை தொடையில முட்டுக்கொடுத்து வாத்தியத்தை வழுக்காம நிறுத்தும். சுருள்ல வாரை மாட்டலாம். சிலருக்கு அந்த முனை தொடையில குத்தும், அதையும் சொல்லிடறேன்.

எது நல்லதுன்னு கேட்டா ஒரே பதில் கிடையாது. உங்க உயரம், வயிறு, தரையில உட்காருவீங்களா, சேர்லயா, நின்னுக்கிட்டா, எல்லாத்தையும் பொறுத்தது. வாங்குறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, வீட்டுல எப்படி உட்காருவீங்களோ அப்படியே உட்கார்ந்து, மாண்டலினை மடியில வச்சு, இடது கையை மெதுவா எடுங்க. வலது கை பக்கத்துலயே தயாரா இருக்கட்டும், கீழே விழுந்தா நான் பொறுப்பில்லை! கழுத்து அப்படியே நின்னா நல்லது. சாஞ்சா, நாளைக்கு அந்த எடையை உங்க கைதான் சுமக்கப் போகுது.

ரெண்டு, கண்ணாடியில உங்க வலது தோளைப் பாருங்க. காதுப் பக்கம் ஏறியிருந்தா கூடு உங்களுக்குத் தடிமன்.

மூணு, மணிக்கட்டு மடங்கியிருக்கா, நேரா இருக்கான்னு பாருங்க. கழுத்தைக் கொஞ்சம் மேல் நோக்கி உயர்த்தினா பல பேருக்கு மணிக்கட்டு தானா நேராகும்.

ஏற்கெனவே ஒண்ணு வச்சிருக்கீங்களா? புதுசு வாங்க ஓடாதீங்க. ஒரு வார் மாட்டுங்க, உட்கார்ந்து வாசிச்சாலும் மாட்டுங்க. மடியில சொரசொரப்பா ஏதாவது போடுங்க. சமையலறை அலமாரியில விரிக்கிற ரப்பர் வலை விரிப்பு போதும். நான் இப்போ அதைத்தான் வச்சிருக்கேன், சென்னை வெயில்ல கம்பளி தாங்காது. ஒண்ணு மட்டும் சீரியஸா சொல்றேன்: விரல் மரத்துப்போகுது, வாசிக்காதப்பவும் வலிக்குதுன்னா டாக்டரைப் பாருங்க. ரப்பர் விரிப்பு அதுக்கு மருந்தில்லை.

ஒரு போன் கால்

ஊருக்குத் திரும்புற வழியில வத்தலக்குண்டுல இறங்கி டீ குடிச்சுட்டு, நேரா திண்டுக்கல் போனேன். பெரியப்பாகிட்ட முழுக் கதையும் சொன்னேன். அவர் அந்தக் காலத்துல எப்படி வாசிப்பார்னு கேட்டேன். மேடையில இரும்பு மடக்கு நாற்காலி, டெர்லின் பேண்ட், வார் கிடையாது. ஒரு கச்சேரி மூணு மணி நேரம்.

ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசலை. அப்புறம் கேட்டார்: "அப்ப என் கை மேல தப்பு இல்லையாடா?"

"இல்ல பெரியப்பா. உங்க கை அதைத் தூக்கிக்கிட்டே வாசிச்சிருக்கு."

மாண்டலினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசிக்கலை. "இப்ப விரல் நகராதுப்பா"ன்னு திருப்பிக் குடுத்துட்டார். நானும் வற்புறுத்தலை.

போன ஞாயித்துக்கிழமை போன் வந்துச்சு. "அந்த ரப்பர் விரிப்பு எந்தக் கடையில கிடைக்கும்?"னு கேட்டார். இந்த எபிசோடை எடிட் பண்ணி முடிச்சதும் மாண்டலினைத் தூக்கிக்கிட்டு மறுபடியும் திண்டுக்கல் கிளம்பறேன்.

உங்க வீட்டுலயும் "நமக்கு வராது"ன்னு யாராவது பரண் மேல தூக்கிப் போட்ட வாத்தியம் இருந்தா, இறக்கி மடியில வச்சுப் பாருங்க. யார் தூக்கறாங்கன்னு கவனிங்க. உங்க கதையை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, நல்லதா சிலதை அடுத்த எபிசோடுல போடறேன். அதுவரைக்கும், தோளை இறக்கி உட்காருங்க மக்களே. வணக்கம்.